நிலத்தடியிலிருந்து எழும் காலடி: செரோனின் ‘சூப்பர்நேச்சர்’ பற்றிய ஒரு நோக்கு

விண்வெளி டிஸ்கோ என இன்று வகுத்துக் கூறப்படும் இசைவகையின் பாடல்களுட் பெரும்பாலானவை அண்ணாந்து பார்ப்பவை. 1977ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘ஸ்டார் வோர்ஸ்’ திரைப்படம் வெளியாயிற்று. அதே ஆண்டு ஒக்டோபரில், அப்படத்தின் இசையை ஆட்டத்துக்கு ஏற்ற தாளத்தில் மாற்றியமைத்த மீக்கோவின் இசைத்தட்டு ஐக்கிய அமெரிக்காவின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பெற்றது. பிரான்சைச் சேர்ந்த ‘ஸ்பேஸ்’ குழுவினர் விண்வெளி வீரரின் தலைக்கவசத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு ‘மஜிக் ஃபிளை’ என்னும் சொல்லற்ற இசையை வாசித்தனர். 1978இல் சேரா பிரைட்மன் விண்கலப் படைவீரன் ஒருவனிடம் இதயத்தைப் பறிகொடுத்தமை பற்றிப் பாடினார். டீ டீ ஜாக்சன் அதே ஆண்டில் இயந்திரக் காதலனைப் பாடினார். 1979இல் ஷீலாவின் ‘ஸ்பேசர்’ வந்தது. விண்கலம், இயந்திர மனிதன், தொலைதூரத்துக் காதலன் என்பவையே இவ்வகையின் பொதுப் பொருள்கள்.

இவ்வரிசையில் வைத்தே 1977இல் வெளிவந்த ‘சூப்பர்நேச்சர்’ என்ற பாடலையும் இசை வரலாற்றாசிரியர் பேசுகின்றனர். ஒலியளவில் அது தவறன்று. ஆனால் பொருளளவில் இப்பாடலுக்கும் விண்ணுக்கும் யாதொரு தொடர்புமில்லை. இதன் பார்வை கீழ்நோக்கியது. வயல், மண், மண்ணுக்குள் வாழும் உயிர்கள் ஆகியனவே இதன் உலகம். ஏனையோர் பூமியை விட்டுப் புறப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், இப்பாடல் பூமிக்கடியில் என்ன நிகழ்கின்றதென்று கேட்டது. தொல்காப்பியர் வகுத்த முதற்பொருளை வைத்து நோக்கினும் இது புலனாகும். நிலம் வயலும் அதன் அடிமண்ணும், பொழுது இரவு. மற்றைய பாடல்களுக்கு நிலமென்று ஒன்று இல்லாமையே அவற்றின் இயல்பு.

ஆட்டக்கூடங்களுக்கெனச் செய்யப்பட்ட ஒரு பாட்டை இத்துணை ஆழ்ந்து நோக்க வேண்டுமா என்று கேட்போர் நம்மிடையே உளர். வெகுசன இசையை முற்றாகப் புறக்கணிப்பதும், அதனை மக்கள் விரும்புகின்றார்கள் என்பதற்காகவே போற்றுவதும் ஒரே சோம்பலின் இரு வடிவங்கள் என்பது என் எண்ணம். கோடிக்கணக்கானோரின் உடலை அசைத்த ஒன்று அவர்களுக்கு என்ன செய்தது என்ற வினா, ஒரு நாவலைப் பற்றி நாம் எழுப்பும் வினாவிலும் குறைந்ததன்று.

ஷான்-மார்க் செரோன் 1952இல் பாரிசின் புறநகரான விற்றி-சூர்-சேனில், இத்தாலியிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்குப் பிறந்தவர். அவர் பாடகரல்லர், முரசு வாசிப்பவர். இச்செய்தியை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னர் அதற்குத் திரும்புவேன். ‘கொங்காஸ்’ என்ற குழுவிலிருந்து விலகிய பின், 1976இல் ‘லவ் இன் சி மைனர்’ என்ற இசைத்தட்டை அவர் தாமே வெளியிட்டார். ஒரு பக்கம் முழுவதையும் பதினாறு நிமிடம் நீளும் ஒரே பாட்டு நிரப்பிய அத்தட்டை ஏற்றுக்கொள்ளப் பிரெஞ்சு இசைத்தட்டு நிறுவனங்கள் முன்வரவில்லை. வானொலி மூன்று நிமிடப் பாட்டையே கேட்டது. ஆட்டக்கூடமோ முடியாத பாட்டைக் கேட்டது. செரோன் இரண்டாவதன் பக்கம் நின்றார். அவருடைய மூன்றாவது தட்டே ‘சூப்பர்நேச்சர்’. இலண்டன் ட்ரைடென்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவான இத்தட்டில், முன்னைய தட்டுகளை நிறைத்திருந்த வயலின் கூட்டத்தின் இடத்தை இலத்திரனியல் கருவியான சிந்தசைசர் பிடித்துக்கொண்டது. இசையமைப்பில் அலன் விஸ்னியாக் பங்குகொண்டார். பாடலின் சொற்களை எழுதியவர் லீனா லொவிச் என்னும் பெண். அமெரிக்காவின் டெட்ரோயிற் நகரிற் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த இவர், 1979இல் ‘லக்கி நம்பர்’ என்ற பாட்டால் தாமே புகழ்பெற்றார். ஆயினும் 1977இன் இசைத்தட்டில் அவருடைய பெயர் இடம்பெறவில்லை.

பாடல் கதையாகவே தொடங்குகின்றது. பாட்டி பேரனுக்குச் சொல்லும் கதையின் தொடக்கம் அதற்கு. முன்னொரு காலத்தில் விஞ்ஞானம் ஒரு கதவைத் திறந்தது. பசித்த வயல்களுக்கு அவை உண்ண மாட்டாத அளவுக்கு ஊட்டினார்கள். ஊட்டிய மருந்து கீழிறங்கி, மண்ணடியில் வாழ்ந்த உயிர்களைத் தீண்டியது. அவை இதுவரை எவரும் காணாத வகையில் வளர்ந்தன. தம் வாழ்க்கையை மாற்றிய மனிதன்மீது சினங்கொண்டு இரவோடிரவாக மிதித்துக்கொண்டு வருகின்றன. மக்களின் அழுகுரல் நெடுந்தூரம் கேட்கின்றது. கடவுளும் அவ்வுயிர்களின் பக்கமே நிற்கின்றார் என்று பாடல் கூறுமிடத்தில், கேட்பவன் ஒரு கணம் திடுக்கிடுகின்றான். டிஸ்கோப் பாட்டொன்றில் இறைவன் மனிதனைக் கைவிட்ட செய்தியை எவரும் எதிர்பாரார். இறுதியில், மனிதன் மீண்டும் முதலிலிருந்தே தொடங்கவேண்டும், ஏனைய உயிர்களைப் போல மண்ணில் தன் இடத்தை உழைத்துப் பெறவேண்டும் என்று கூறி, முடிவு நல்லதாகுமா என்ற வினாவைக் கேட்பவன் கையிலேயே விட்டுவிடுகின்றது.

இக்கதை வெற்றுக் கற்பனையன்று. றேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ 1962இல் வெளிவந்தது. அதன் பின் பத்தாண்டு கழித்து, 1972இல், டி.டி.ரி. என்னும் பூச்சிக்கொல்லி மருந்தின் பெரும்பாலான பயன்பாடுகளை ஐக்கிய அமெரிக்கா தடைசெய்தது. வியற்நாமின் காடுகள்மீதும் வயல்கள்மீதும் அமெரிக்க விமானங்கள் களைகொல்லி நஞ்சைப் பொழிந்து முடித்தது 1971இல். 1976 யூலை 10ஆந் திகதி இத்தாலியின் செவேசோ நகரை அண்டிய இரசாயனத் தொழிற்சாலையிலிருந்து டயொக்சின் நச்சு முகிலாக வெளிப்பட்டது. கோழிகளும் முயல்களும் ஆயிரக்கணக்கில் இறந்தன, எஞ்சிய கால்நடைகளிற் பல்லாயிரம் கொல்லப்பட்டன. அடுத்த ஆண்டே ‘சூப்பர்நேச்சர்’ வந்தது. ஒன்று மற்றையதற்குக் காரணம் என நான் கூறவில்லை. பாடல் பிறந்த காற்றில் இவை கலந்திருந்தன என்பதே என் கூற்று.

எனினும் பாடலின் அடிப்படைக் குறையொன்றை மறைத்தல் நேர்மையாகாது. இங்குக் குற்றவாளி யார்? ‘மனிதன்’ என்கின்றது பாடல், ‘விஞ்ஞானம்’ என்கின்றது, ‘நாம்’ என்கின்றது. செவேசோவின் நச்சு முகிலுக்கு மனிதகுலம் உரிமையாளரல்ல. அத்தொழிற்சாலை சுவிற்சர்லாந்தின் பெரும் மருந்து நிறுவனமொன்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. வியற்நாமிய உழவன் தன் வயலுக்குத் தானே நஞ்சூட்டவில்லை. செய்தவனையும் செய்விக்கப்பட்டவனையும் ‘நாம்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைப்பது, பொறுப்பை எல்லோருக்கும் பகிர்ந்து, எவருக்குமில்லாமற் செய்துவிடும். எச். ஜி. வெல்ஸ் 1896இல் எழுதிய ‘டொக்டர் மொறோவின் தீவு’ இவ்விடத்திற் கூடிய தெளிவுடையது. அங்கே விலங்குகளை வெட்டித் தைத்து மனிதராக்க முயல்பவனுக்குப் பெயருண்டு, அவனுக்கென்று ஒரு தீவுண்டு, கையில் ஒரு சாட்டையுண்டு. ‘சூப்பர்நேச்சர்’ சாட்டையை எவர் கையிலும் காட்டவில்லை. தற்செயலாக, மொறோவின் கதை மீண்டும் திரைப்படமானதும் 1977இலேயே.

சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டால், எனவே, இது நல்லெண்ணம் கொண்ட ஓர் எச்சரிக்கைப் பாட்டு, அவ்வளவே. பள்ளி மாணவனின் கட்டுரையில் வரக்கூடிய கருத்து என்றுகூடச் சிலர் கூறலாம். ஆயின் பாட்டென்பது சொல் மட்டுமன்று. உள்ளடக்கத்தைச் சொல்லிலும் உருவத்தை இசையிலும் தேடி, இரண்டையும் பிரித்துவைத்துப் பார்க்கும் பழக்கம் நம் விமர்சனத்தில் வேரூன்றியது. இப்பாடலின் முதன்மையான பொருள், என் கருத்தின்படி, அதன் இசையிலேயே இருக்கின்றது.

தட்டிலுள்ள முழு வடிவம் ஏறத்தாழப் பத்து நிமிடம் செல்வது. முதலில் வருவது குரலன்று. சிந்தசைசரின் தாழ்ந்த ஒலிகள் ஒரு சிறு தொடராகத் திரும்பத் திரும்ப உருள்கின்றன. உயரே பறப்பதற்குப் பயன்பட்ட அதே கருவி இங்கே நிலத்தடியில் ஊர்கின்றது. ‘மஜிக் ஃபிளை’யில் இக்கருவி மெட்டுப் பாடும், இங்கோ அது புற்றுக்குள் ஏதோ அசைவது போல முனகுகின்றது. அதன் அடியில், ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் தவறாது விழும் பெருமுரசின் அடி. இவ்விரண்டும் நன்கு நிலைபெற்ற பின்னரே பெண்குரல் நுழைந்து கதையைச் சொல்லத் தொடங்குகின்றது. குரலில் அச்சமில்லை, அழுகையுமில்லை. ஊர் அழிந்த செய்தியைச் செய்தி வாசிப்பவர் போலக் கூறிச் செல்கின்றது. எச்சரிக்கும் பகுதி வரும்போது மட்டும் குரல்கள் பல்கித் திரள்கின்றன. பிறகு குரல் ஒதுங்க, மீண்டும் முரசும் கருவியும் நெடுநேரம் தனித்து நிற்கின்றன. கதை சொல்லி முடிந்தும் பாட்டு முடியவில்லை என்பதே இதன் அமைப்பின் முதற்சிறப்பு.

இப்போது முரசு வாசிப்பவரிடம் திரும்புவோம். டிஸ்கோ இசையின் உயிர்நாடி பெருமுரசு. அது கையால் அடிக்கப்படுவதன்று; வாசிப்பவன் தன் பாதத்தால் மிதித்து ஒலிப்பது. ஆகவே அதன் ஒவ்வோர் ஒலியும் உண்மையிலே ஒரு காலடியின் ஒலி. சொற்களில், சினங்கொண்ட உயிர்கள் இரவில் மிதித்துக்கொண்டு வருகின்றன. இசையில், அந்த மிதிப்பு முதற்கணத்திலிருந்தே நடந்துகொண்டிருக்கின்றது. அவை வரப்போகின்றன என்று குரல் எச்சரிக்கும்போது, அவை முன்னரே வந்து கூடத்தை நிறைத்துவிட்டன. வேறெங்கும் ஆட்டத்துக்கு அழைக்கும் வெறும் தாளமாயிருந்த அடி இங்கே கதையின் பாத்திரமாகிவிடுகின்றது.

அதற்கு மேலும் ஒரு படி உண்டு. ஆடற்களத்தில் நிற்பவன் அவ்வடிக்குத் தன் காலையும் சேர்த்து வைக்கின்றான். அவன் காதுக்குக் கிடைக்கும் கதையில் அவன் மனிதன், ஓடி ஒளியவேண்டியவன். அவன் காலுக்குக் கிடைக்கும் கதையிலோ அவன் மண்ணுக்கடியிலிருந்து எழுந்த உயிர், மிதித்து வருபவன். பலநூறு பேர் ஒரே இருளில் ஒரே அடியை வைக்கும்போது, அச்சுறுத்தப்படுபவரும் அச்சுறுத்துபவரும் ஒருவரேயாகின்றனர். சொற்கள் தவறவிட்ட பிரிவினையை, அதாவது யார் எந்தப் பக்கம் என்பதை, உடல் தானே செய்துகொள்கின்றது. மனிதனின் பக்கத்தை விட்டு உயிர்களின் பக்கத்துக்குப் போய்விடுகின்றது. இசைத்தட்டின் மேலட்டையை நோக்குக. மருத்துவக்கூடம் போன்றதோர் அறை. விலங்குத் தலையும் மனித உடலுமாய்ச் சில உருவங்கள். அவற்றிடையே செரோன் நிற்கின்றார். மலிவான அச்சமூட்டல் என்று ஒதுக்கிவிடத்தக்க படந்தான். ஆனால் மனித உடல் மீது விலங்குத் தலை என்பது ஆடுபவனின் நிலையைச் சரியாகவே குறிக்கின்றது.

தியோடர் அடோர்னோ 1941இல் வெகுசன இசை பற்றி எழுதிய கட்டுரையில், தாளத்துக்குக் கீழ்ப்படியும் கேட்போர் வகையொன்றைக் குறிப்பிட்டார். மாறாத அடிக்குக் கட்டுண்டு ஆடுபவன் இயந்திரச் சமூகத்தின் கட்டளைக்குக் கட்டுப்படப் பழகுகின்றான் என்பது அவருடைய கவலை. பெரும்பாலான டிஸ்கோப் பாடல்களுக்கு இக்கூற்றை மறுப்பது எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் கீழ்ப்படிதல் எதற்கு என்பதையும் கேட்கவேண்டுமல்லவா? ‘சூப்பர்நேச்சர்’ ஆடுபவனைக் கட்டுப்படுத்துவது தொழிற்சாலையின் தாளத்துக்கன்று; தொழிற்சாலையால் நஞ்சூட்டப்பட்டவற்றின் தாளத்துக்கு. அடோர்னோவின் தராசில் இதற்கு ஒரு தட்டு இல்லை.

அக்காலத்து ஆடற்களங்களில் நின்றவர் யார் என்பதையும் மறத்தலாகாது. டிஸ்கோ நியூயோர்க் நகரில் வளர்ந்தது கறுப்பின மக்களிடையும், இலத்தீன் அமெரிக்க வழிவந்தோரிடையும், தன்பாலின விருப்பினரிடையும். பகலில் மரியாதை மறுக்கப்பட்டவர்கள் இரவிற் கூடிய இடங்கள் அவை. ஐக்கிய அமெரிக்காவின் ஆட்டக்கூட இசைப்பட்டியலில் இத்தட்டு 1978இல் முதலிடத்துக்கு வந்தது. அவர்களே அதை அங்கு கொண்டுவந்தவர்கள். நிலத்தடியில் வாழ்பவை ஓரிரவு மேலே எழுந்து தம்மை மாற்ற முயன்றவர்களிடம் கணக்குத் தீர்க்கும் கதை அவர்களுடைய காலுக்கு எவ்வாறு பட்டிருக்கும்? அதே நாட்டின் பொதுவான பட்டியலில் இப்பாடல் பெரிதாக மேலெழவில்லை. பிரித்தானியாவில் எட்டாமிடம் வரை சென்றது. 1979 யூலை 12ஆந் திகதி சிக்காகோவின் கொமிஸ்கி விளையாட்டரங்கில் டிஸ்கோ இசைத்தட்டுகளைப் பெட்டியிலிட்டு வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள் பாய்ந்தனர். ஓர் இசைவகை பிடிக்கவில்லை என்றால் கேட்காமல் விடலாம். வெடிவைக்கும் அளவுக்குச் சினம் எழுந்தது இசையின்மீது மட்டுந்தானா என்ற ஐயத்தைப் பின்வந்த ஆய்வாளர் பலர் எழுப்பியுள்ளனர், அவ்வையம் நியாயமானது.

தனித்தட்டாகச் சுருக்கப்பட்ட வடிவத்தை மட்டும் கேட்டவர்கள் ஒன்றை இழந்துவிட்டார்கள். நீள்தட்டின் முதற்பக்கத்தில் ‘சூப்பர்நேச்சர்’ தனித்து நிற்கவில்லை. அதனை அடுத்து ‘சுவீற் ட்ரம்ஸ்’ வருகின்றது. அது முரசுகளின் ஆட்சி. சிந்தசைசர் பிடித்திருந்த இடத்தைத் தோலும் கோலும் மீட்டுக்கொள்கின்றன. சொல்லால் முடியாமல் விடப்பட்ட கதை, அதாவது உயிர்கள் வென்றனவா இல்லையா என்பது, இங்கே சொல்லின்றி முடிகின்றது. அதற்குப் பின் ‘இன் த ஸ்மோக்’. புகைக்குள் என்பது பெயரின் பொருள். வேகம் தணிந்து, ஆடமுடியாத அமைதியொன்று பரவுகின்றது. ஆட்டக்கூடத்துக்கெனச் செய்த தட்டொன்று, ஒரு பக்கத்தை ஆடமுடியாத இசையில் முடித்ததற்குத் துணிவு வேண்டும். மறுபக்கமோ காதலைப் பற்றிய மூன்று பாட்டுகளால் ஆனது. அவற்றைப் பற்றிக் கூற என்னிடம் அதிகமில்லை. நல்ல தையற்காரன் தைத்த மூன்று சட்டைகள்.

பிற்காலத்தில் இப்பாடலுக்கு நேர்ந்தவை கவனத்துக்குரியன. 1989இல் ‘இறேஷர்’ குழுவினர் இதனை மீண்டும் பாடித் தம் தனித்தட்டொன்றின் மறுபக்கத்தில் வைத்தனர். செரோனின் வடிவத்தில் முரசுக்குள் மூழ்கிப்போன கதையை அங்கே அன்டி பெல்லின் ஆண்குரல் முன்னுக்குக் கொண்டுவந்தது. சொற்கள் தெளிந்தன, மிதிப்பு மெலிந்தது. 2018இல் கஸ்பார் நோவே தமது ‘கிளைமக்ஸ்’ திரைப்படத்தின் தொடக்க ஆட்டத்துக்கு இப்பாடலைத் தேர்ந்தெடுத்தார். அவர் எடுத்தது குரலற்ற வடிவத்தை. ஆடற்கலைஞர் கூட்டமொன்று ஒழுங்கின் உச்சத்தில் ஆடுகின்றது. பின்னர் எவரோ மதுவிற் கலந்த போதைப்பொருளால் அவர்கள் ஒருவரையொருவர் கிழிக்கும் நிலைக்கு வருகின்றனர். மருந்து கீழிறங்கி உயிர்களை மாற்றுவது என்ற பாடலின் கதையைச் சொற்களை நீக்கியே அவர் படமாக்கிவிட்டார் போலும்! இயக்குநர் அதைக் கருதிச் செய்தாரோ இல்லையோ, பாடலின் பொருள் சொல்லில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தேவையில்லை.

2024 யூலை 26ஆந் திகதி, பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில், ஈஃபல் கோபுரத்திலிருந்து ஒளிக்கதிர்கள் இரவு வானைக் கிழித்தபோது ஒலித்ததும் ‘சூப்பர்நேச்சர்’ தான். அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலத்தில், பிரெஞ்சு நிறுவனங்கள் ஏற்க மறுத்த ஒரு முரசுக்காரரின் இசை அரச விழாவின் இசையாயிற்று. பார்த்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து வானத்தையே நோக்கினர். விண்வெளி டிஸ்கோ என்று பெயரிட்டவர்கள் செய்த தவற்றையே அன்றிரவு அந்த விழாவும் செய்தது. ஒளி மேலே போயிற்று. முரசின் அடி அப்போதும் கீழேயிருந்துதான் வந்துகொண்டிருந்தது.